காலேஜ் கோல்ஃப்: ஹைஸ்கூல் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாங்கள் இருப்பது டல்லாஸுக்கு வடக்கே, ஃபிரிஸ்கோ பக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் ஹைஸ்கூல் கோல்ஃப் டீமில் சேர்ந்தாள். இப்போது ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டே டீமில் ஆடுகிறாள். தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போதும், யார் வீட்டுப் பிறந்தநாளிலாவது தட்டோடு நிற்கும்போதும், "அக்கா, உங்க பொண்ணு எப்படிச் சேர்ந்தா?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் இவைதான். ஆளுக்கு ஆள் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

விதிகளை 2025-26 கல்வியாண்டு நிலவரப்படி எழுதியிருக்கிறேன். கல்லூரி விளையாட்டு விதிகள் இப்போது வேகமாக மாறுகின்றன. பணம் கட்டுவதற்கோ கையெழுத்துப் போடுவதற்கோ முன்னால், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோல்ஃப் ஆடி காலேஜ் போறதுன்னு நிஜமாவே ஒண்ணு இருக்கா? எத்தனை வகை இருக்கு?

இருக்கிறது. என்.சி.ஏ.ஏ.-வின் கீழ் டிவிஷன் 1, 2, 3 என்று மூன்று அடுக்கு. டிவிஷன் 1-இல் மட்டும் ஆண்கள் அணிகள் சுமார் 300. இதற்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் பெரும்பாலும் சிறிய தனியார் கல்லூரிகள் இருக்கின்றன. அப்புறம் இரண்டு வருடக் கல்லூரிகளுக்கு என்.ஜே.சி.ஏ.ஏ. டிவிஷன் 3 தவிர மற்ற எல்லாவற்றிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டும்தான்.

எண் ஏறினால் தரம் இறங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எமரி, வில்லியம்ஸ் போன்ற கல்லூரிகள் டிவிஷன் 3. அங்கே அட்மிஷன் கிடைப்பதே பெரிய விஷயம். நல்ல டிவிஷன் 3 அணியின் முதல் ஆள், பலவீனமான ஒரு டிவிஷன் 1 அணியில் தாராளமாக ஆடுவார்.

என் பையன் ஹைஸ்கூல் டீமில நம்பர் ஒன். அது போதாதா?

போதாது. ஹைஸ்கூல் ஸ்கோரை கோச்சுகள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பல ஹைஸ்கூல் போட்டிகள் ஒரே நாளில் முடிந்துவிடும். முதல் அடி அடிக்கும் இடமான டீயும் முன்னால் இருக்கும். காலேஜில் ஆண்களுக்கு மைதானம் 7,000 கெஜத்தை ஒட்டி இருக்கும், பெண்களுக்கு 6,000 கெஜத்துக்கு மேல். இரண்டு மூன்று நாளில் 54 குழி ஆடவேண்டும். பல போட்டிகளில் முதல் நாளே 36 குழி, அதுவும் நடந்தே. என் மகள் முதல் முறை அப்படி ஆடிவிட்டுப் போன் செய்தபோது சாப்பிடக்கூடத் தெம்பில்லாமல் படுத்திருந்தாள்.

ஆனாலும் ஹைஸ்கூல் டீமை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஐந்து பேர் ஆடி நான்கு ஸ்கோரைக் கணக்கில் எடுக்கும் முறை டெக்சஸ் பள்ளிப் போட்டியிலும் உண்டு, காலேஜிலும் உண்டு. தன் ஸ்கோர் இன்னொருவரைக் காப்பாற்றும், இன்னொருவர் ஸ்கோர் தன்னைக் காப்பாற்றும் என்பதைப் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது அங்கேதான்.

எவ்வளவு அடிச்சா எடுப்பாங்க? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு நம்பரைச் சொன்னால் அது தப்பாகத்தான் இருக்கும். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குப் பிடித்த கல்லூரியின் டீம் பக்கத்தைத் திறந்து, சென்ற பருவத்தில் ஆடிய எல்லாப் போட்டிகளின் முடிவுகளையும் பாருங்கள். எல்லாக் கல்லூரிகளின் ஸ்கோரும் பொதுவில் கிடைக்கிறது. முதல் ஆளின் சராசரியைப் பார்க்காதீர்கள். நான்காவது, ஐந்தாவது ஆளின் சராசரியைப் பாருங்கள். உங்கள் பிள்ளை போட்டிபோட வேண்டியது அந்த இடத்துக்குத்தான்.

தோராயமாக நான் பார்த்தவரை சொல்கிறேன். கோல்ஃபில் எண் குறையக் குறைய ஆட்டம் நல்லது; பார் என்பது மைதானத்துக்கென்று வைத்திருக்கும் அடி எண்ணிக்கை. பெரிய டிவிஷன் 1 ஆண்கள் அணியில் ஐந்தாவது ஆளே நீளமான மைதானத்தில் பார் பக்கத்தில் அடிக்கிறான். நடுத்தர டிவிஷன் 1-இல் 73, 74 என்று வரும். டிவிஷன் 2, 3-இல் 70-களின் நடுவிலிருந்து கடைசிவரை பரவியிருக்கும். பெண்களில் சில டிவிஷன் 3 அணிகளில் 85 அடிப்பவர்களும் ஆடுகிறார்கள்.

ஸ்கோரை ஒப்பிடும்போது கோர்ஸ் ரேட்டிங் (நன்றாக ஆடுபவர் அந்த மைதானத்தில் அடிக்கக்கூடிய ஸ்கோர்), ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று காட்டும் எண்) இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஸ்கோரிலிருந்து ரேட்டிங்கைக் கழித்து, 113-ஆல் பெருக்கி, ஸ்லோப்பால் வகுக்கவேண்டும். ரேட்டிங் 69, ஸ்லோப் 118 உள்ள மைதானத்தில் 74 அடித்தால் 4.8 வரும். ரேட்டிங் 74.5, ஸ்லோப் 140 உள்ள மைதானத்தில் 76 அடித்தால் 1.2 தான். அதாவது 76 தான் நல்ல ஆட்டம். கோச்சுகளுக்கு இது தெரியும். நமக்குத்தான் 74 என்றதும் முகம் மலர்ந்துவிடுகிறது.

ஹேண்டிகேப் 2 இருக்கு. அதைச் சொன்னா போதும்தானே?

ஹேண்டிகேப் என்பது கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ வைத்துப் போடுவது. நல்ல நாட்களில் பிள்ளை எப்படி ஆடுவான் என்றுதான் அது சொல்லும். சனிக்கிழமை அப்பாவோடும் மாமாவோடும் ஆடிய ஆட்டமும் அதில் கலந்திருக்கும். கோச் கேட்பது போட்டிச் சராசரி: மோசமான நாளையும் சேர்த்து எல்லாப் போட்டிகளின் எல்லாச் சுற்றுகளும். இரண்டுக்கும் நடுவே நான்கைந்து ஸ்ட்ரோக் வித்தியாசம் இருப்பது சாதாரணம். அந்த வித்தியாசம் பெரிதாக இருந்தால் போட்டி அனுபவம் குறைவு என்று கோச் புரிந்துகொள்வார்.

எந்தெந்த டோர்னமென்ட் ஆடணும்? செலவு தாங்கலையே அக்கா.

உள்ளூரிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் பக்கம் நார்தர்ன் டெக்சஸ் பி.ஜி.ஏ. நடத்தும் ஜூனியர் போட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதியிலும் அதுபோல ஒன்று இருக்கும். அங்கே 18 குழி நிதானமாக வந்தபிறகு இரண்டு நாள் போட்டிகளுக்குப் போகலாம். ஏ.ஜே.ஜி.ஏ. என்ற அமெரிக்க ஜூனியர் கோல்ஃப் அசோசியேஷனின் போட்டிகளைத்தான் பெரிய கோச்சுகள் அதிகம் கவனிக்கிறார்கள். ஆனால் பணம் கட்டினால் நேராக உள்ளே போய்விட முடியாது. மற்ற போட்டிகளில் நன்றாக ஆடி "பெர்ஃபார்மன்ஸ் ஸ்டார்" சேர்க்கவேண்டும். அதுதான் நுழைவுச்சீட்டு.

செலவைப் பற்றி மனம்விட்டுச் சொல்கிறேன். விமானம், ஓட்டல், நுழைவுக் கட்டணம், பயிற்சிச் சுற்று என்று ஒரு வெளிமாநிலப் போட்டிக்கே ஆயிரம் டாலர் தாண்டிவிடும். நாங்கள் ஒரு கோடையில் கண்ணை மூடிக்கொண்டு ஏழு ஊர் போனோம். அதில் நான்கு தேவையே இல்லாதவை. எந்தக் கோச்சின் கண்ணில் படவேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அந்தக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் நடக்கும் போட்டிகளைத் தேர்ந்தெடுத்திருந்தால் மூன்றோடு முடிந்திருக்கும். அன்றாடப் பயிற்சிக்கு "யூத் ஆன் கோர்ஸ்" உறுப்பினராகச் சேருங்கள். அதில் சேர்ந்திருக்கும் மைதானங்களில் பிள்ளைகள் 5 டாலருக்கோ அதற்கும் குறைவாகவோ ஒரு சுற்று ஆடலாம்.

ஒன்பதாவதுலேயே இருபது கோச்சுக்கு மெயில் போட்டோம். ஒருத்தர்கூடப் பதில் போடலை. பிடிக்கலையா?

பிடிக்காமல் இல்லை, பதில் போட விதி இடம் தருவதில்லை. டிவிஷன் 1, 2 கோச்சுகள் பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு வரும் ஜூன் 15 வரை பிள்ளையோடு ரெக்ரூட்டிங், அதாவது டீமுக்கு ஆள் எடுப்பது பற்றி மெயில், போன், மெசேஜ் எதிலும் பேசக்கூடாது. கேள்விப் படிவமும் முகாம் அழைப்பும் மட்டும் அனுப்பலாம். டிவிஷன் 1 கல்லூரிக்கு முறைப்படி விசிட் போவது பதினொன்றாம் வகுப்பின் ஆகஸ்ட் 1-க்குப் பிறகு. டிவிஷன் 3-இல் இந்தக் கட்டுப்பாடு மிகவும் குறைவு, மெயிலுக்கு எப்போது வேண்டுமானாலும் பதில் வரலாம்.

பிள்ளை எழுதுவதற்குத் தடையே இல்லை. பத்தாம் வகுப்பில் இரண்டு மூன்று முறை எழுதிப் பெயரைப் பதியவைப்பது நல்லது. அந்த ஜூன் 15 அன்று என் மகள் காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஒரு அழைப்பும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. முதல் நாளில் அழைப்பு வருவது நாட்டின் தலைசிறந்த பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு அந்தக் கோடை முழுவதும், பதினொன்றாம் வகுப்பு முழுவதும், சிலருக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் இலையுதிர்காலம்வரைகூட நேரம் இருக்கிறது.

ஆண்ட்டி, கோச்சுக்கு என்ன எழுதணும்? எனக்கு ஒண்ணும் தோணல.

இது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டது. கண்ணா, சின்னதாக எழுது. தலைப்பிலேயே உன் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, ஊர், போட்டிச் சராசரி, ஜி.பி.ஏ. எல்லாம் வந்துவிட வேண்டும். உள்ளே முதல் பத்தியில் அந்தக் கல்லூரி ஏன் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரி வேறெந்தக் கல்லூரிக்கும் பொருந்தக்கூடாது. அவர்களுடைய சமீபத்திய போட்டி ஒன்றைப் பார்த்திருந்தால் அதைச் சொல். நீ படிக்க நினைக்கும் பாடம் அங்கே இருந்தால் அதைச் சொல். அடுத்து உன் கடைசி ஐந்தாறு போட்டிகள்: மைதானம், கெஜம், ரேட்டிங், ஸ்கோர். மோசமான ஸ்கோரை மறைக்காதே, அவர்கள் தேடிப் பார்த்துவிடுவார்கள். கடைசியில் அடுத்து எங்கே, எந்தத் தேதியில் ஆடப்போகிறாய் என்று எழுது.

வீடியோ இரண்டு மூன்று நிமிடம் போதும். டிரைவர், ஐயர்ன், வெட்ஜ் என்ற கிளப்புகளில் நீ அடிப்பதை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடு. கொஞ்சம் பங்கர் (மணல் பள்ளம்), கொஞ்சம் பட்டிங். பின்னணி இசை வேண்டாம். பதில் வராவிட்டால் ஆறு வாரம் கழித்துப் புது ஸ்கோரோடு மறுபடி எழுது.

அவளுக்கு நேரமே இல்ல. அவ பேர்ல நானே எழுதிடவா?

வேண்டாம். நாற்பத்தைந்து வயது அம்மா எழுதியதற்கும் பதினாறு வயதுப் பெண் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் முதல் வரியிலேயே கோச்சுக்குத் தெரியும். போனில் பேசும்போது இன்னும் நன்றாகத் தெரிந்துவிடும். கல்லூரிப் பட்டியலை ஒரு அட்டவணையில் போட்டுக்கொடுங்கள், தேதிகளை ஞாபகப்படுத்துங்கள், எழுதியதைப் படித்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாம் நேராகக் கேட்கவேண்டியது பணத்தைப் பற்றி மட்டும்தான். அதுவும் கோச் அந்தப் பேச்சை எடுத்த பிறகு.

பணம் கட்டினா ஐநூறு காலேஜுக்கு நம்ம புரொஃபைலை அனுப்பறோம்னு ஒரு கம்பெனி சொல்றாங்க. சேரலாமா?

நாங்கள் சேர்ந்தோம். இரண்டாயிரம் டாலருக்கு மேல் கொடுத்தோம். ஒரே மெயிலைக் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். கோல்ஃப் டீமே இல்லாத கல்லூரிக்கும் ஒன்று போயிருந்தது. கடைசியில் மகளை எடுத்த கோச் அந்த மெயிலைத் திறக்கவே இல்லை என்று பிறகு சொன்னார். அவர் படித்தது அவள் கையால் எழுதியதை. ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து, பிள்ளையின் ஆட்டத்தைப் பார்த்து, பொருத்தமான பதினைந்து கல்லூரியைச் சொல்லும் நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். "ஐநூறு" என்று எண்ணிக்கை சொல்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

கோச் மைதானத்துக்கு வந்தா எதைப் பார்க்கறாங்க? பர்டியையா?

பர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு) உட்பட ஸ்கோர் எல்லாம் அவர்களுக்கு வீட்டிலிருந்தே தெரியும். மைதானத்துக்கு வருவது மற்றதைப் பார்க்க. தப்பான ஷாட்டுக்கு அடுத்த ஷாட்டை, ஒரு டபுள் போகிக்கு (பாரைவிட இரண்டு அடி அதிகம்) அடுத்த டீயை, குழி இருக்கும் கிரீனைச் சுற்றி என்ன யோசிக்கிறாள் என்பதை. கூட ஆடுபவரின் பந்து காணாமல் போனால் தேடப் போகிறாளா, கிளப்பை வீசுகிறாளா, வேகமாக ஆடுகிறாளா என்பதையும். வாரத்துக்கு ஐந்து நாள், வேனில் எட்டு மணி நேரம் இந்தப் பிள்ளையோடு இருக்கவேண்டியவர் அவர்.

ஒரு மழைநாள் போட்டியில் என் மகள் ஒரு பார் 4-இல் இரண்டு முறை தண்ணீரில் போட்டு 9 அடித்தாள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அன்று ஒரு கோச் அங்கே நின்றிருந்தது எங்களுக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்து அவர் போனில் கேட்ட முதல் கேள்வி: "அந்த 9-க்கு அப்புறம் அடுத்த டீக்கு நடக்கும்போது என்ன நினைச்சே?" அவள் நிஜத்தைச் சொன்னாள்: "வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சேன். அப்புறம் அடுத்தது பார் 3, என் 7 ஐயர்னுக்குச் சரியான தூரம்னு ஞாபகம் வந்தது." அவள் இப்போது ஆடுவது அவருடைய டீமில்தான்.

பெற்றோரையும் பார்ப்பார்கள். கார்ட் பாதையிலேயே நில்லுங்கள். தூரத்திலிருந்து கையை ஆட்டி எதுவும் சொல்லாதீர்கள். ஜூனியர் போட்டிகளில் அது ஆலோசனை என்று கணக்காகிப் பிள்ளைக்கு அபராத ஸ்ட்ரோக் விழலாம். ஆட்டம் முடிந்து வந்தவுடன் "17-ல ஏன் டிரைவர் எடுத்தே?" என்று கேட்காதீர்கள். தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள். காரில் பிள்ளையாகப் பேசும்வரை காத்திருங்கள். இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைக்கும்னுதான் இவ்வளவு செலவு பண்றோம். கிடைக்குமா?

அந்தக் கணக்கோடு இதில் இறங்காதீர்கள் என்பதுதான் என் பதில். பல வருடங்களாக டிவிஷன் 1 ஆண்கள் அணிக்கு மொத்தம் 4.5 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 6. அதை எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் 2-இல் 3.6, 5.4. பாதி கிடைத்தாலே பெரிய விஷயம். புத்தகச் செலவுக்கு மட்டும் வாங்கியவர்களும் உண்டு.

2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஹவுஸ் வழக்குச் சமரசம் (கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பணம் தருவது பற்றியது) இதை மாற்றியது. அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய்விட்டது. அதற்குப் பதில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது: கோல்ஃபுக்கு ஆண்கள் 9, பெண்கள் 9. விதிப்படி ஒன்பது பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். எத்தனை கல்லூரிகளிடம் அதற்குப் பணம் இருக்கிறது என்பது வேறு கதை. சேராத கல்லூரிகள் பழைய கணக்கிலேயே இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கோச்சிடமும் "நீங்கள் சேர்ந்திருக்கிறீர்களா, உங்கள் டீமில் எத்தனை பேருக்கு உதவி கிடைக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிஜமான பணம் வரும் வழி மதிப்பெண்தான். எங்களுக்குக் கல்லூரி படிப்புக்காகக் கொடுத்த தள்ளுபடி, ஒரு டிவிஷன் 2 கல்லூரி கோல்ஃபுக்காகக் கொடுக்க வந்ததைப்போல மூன்று மடங்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. பந்து அடித்துப் பழகும் ரேஞ்சில் கூடுதலாகப் போகும் ஒரு மணி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்தால் அதிகப் பணம் மிச்சமாகும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பொண்ணுங்களுக்கு ரொம்ப ஈஸியாமே?

கொஞ்சம் இடம் அதிகம் என்பது உண்மை. 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தால் கல்லூரிகள் பெண்கள் விளையாட்டுக்கும் சமமாக வாய்ப்புக் கொடுக்கவேண்டும். மேலே சொன்ன 4.5-க்கும் 6-க்கும் வித்தியாசம் வந்தது அதனால்தான். ஹைஸ்கூலில் கோல்ஃப் ஆடும் பெண்கள் எண்ணிக்கையும் பையன்களைவிடக் குறைவு.

"ஈஸி" என்ற சொல்லை மட்டும் பெண் பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். மேல்மட்டத்தில் போட்டி கொடுமையானது. வெளிநாடுகளிலிருந்தும் பலமான பெண்கள் வருகிறார்கள். நியூ ஜெர்சி ஹைஸ்கூலில் படித்து ஸ்டான்ஃபோர்டுக்குப் போன மேகா கன்னே 2025-இல் யு.எஸ். பெண்கள் அமெச்சூர் பட்டம் வென்றாள். அவள் ஆடுவதை ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

ஐவி லீக்ல கோல்ஃப் வச்சு நுழைஞ்சிடலாமா?

ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1. ஆனால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. 2025 சமரசத்திலும் அவை சேரவில்லை. வருமானத்தைப் பொறுத்த உதவி மட்டும் உண்டு. அது சில குடும்பங்களுக்குப் பெரிய தொகை. கோச் ஆதரித்தால் அட்மிஷனில் நிச்சயம் பலம். அதற்கு மார்க்கும் அந்தக் கல்லூரி அளவுக்கு இருக்கவேண்டும், ஆட்டமும் டிவிஷன் 1 அளவுக்கு இருக்கவேண்டும். கோல்ஃப் மார்க்குக்கு மாற்று ஆகாது.

என்.சி.ஏ.ஏ. தகுதின்னு ஏதோ 16 பாடம் சொல்றாங்களே?

டிவிஷன் 1, 2-க்கு எலிஜிபிலிட்டி சென்டர் என்ற இடத்தில் பதிவு செய்யவேண்டும். ஹைஸ்கூலில் 16 கோர் பாடங்கள் முடித்திருக்கவேண்டும். அவற்றில் ஜி.பி.ஏ. டிவிஷன் 1-க்குக் குறைந்தது 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை என்.சி.ஏ.ஏ. இப்போது கேட்பதில்லை, கல்லூரி கேட்கலாம்.

நம் பிள்ளைகளுக்கு 2.3 ஒரு கவலையே இல்லை. மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். டிவிஷன் 1-க்கு பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே 10 கோர் பாடங்கள் முடிந்திருக்கவேண்டும். அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்கவேண்டும். போட்டிக்காக வெளியே ஆன்லைன் பள்ளியில் படிக்கவைத்தால், அந்தப் பாடம் என்.சி.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்னால் பாருங்கள்.

என்ஜினியரிங் படிச்சுக்கிட்டே ஆட முடியுமா?

முடியும், ஆனால் கஷ்டம். டிவிஷன் 1-இல் போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று வரம்பு இருக்கிறது. ஆனால் ஒரு போட்டி நாளை 3 மணி நேரம் என்றுதான் கணக்கிடுவார்கள். விடியற்காலையிலிருந்து 36 குழி ஆடிய நாளும் மூன்று மணி நேரம்தான். பல போட்டிகள் திங்கள், செவ்வாயில் நடக்கும், ஞாயிறு பயிற்சிச் சுற்று. அதாவது திங்கள், செவ்வாய் லேப் இருக்கும் பாடம் எடுத்தால் திண்டாட்டம்.

விசிட் போகும்போது கோச்சிடம் கேட்காமல் டீம் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்லுங்கள்: இந்த டீமில் இப்போது யார் என்ஜினியரிங் படிக்கிறார்கள்? சென்ற வருடம் யாராவது டீமுக்காகப் பாடத்தை மாற்றினார்களா?

நாங்க எச்-4ல இருக்கோம், கிரீன் கார்டு வரிசை நகரவே இல்ல. ஏதாவது சிக்கல் வருமா?

ஆடுவதற்கும், கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப் வாங்குவதற்கும் விசா தடை இல்லை. மத்திய அரசின் கல்வி உதவி மட்டும் எச்-4 (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளைகளுக்குக் கிடையாது. உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மூன்று விஷயத்தில் கவனம். முதலாவது, 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அது பெரும்பாலும் கல்லூரி மூன்றாம் வருடத்தில் வரும். அதற்குப் பல மாதம் முன்பே எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் வேலையைத் தொடங்குங்கள். அடுத்தது, பெயர், படத்தை வைத்துப் பணம் சம்பாதிக்கும் என்.ஐ.எல். ஒப்பந்தம். டீம் நண்பர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களே என்று நம் பிள்ளையும் போட்டுவிடக்கூடாது. அது வேலை என்று கணக்கானால் விசாவே ஆபத்தில் போகும். குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் ஒரு சட்டைகூட இலவசமாக வாங்கிப் படம் போடவேண்டாம். மூன்றாவது, சில கல்லூரிப் போட்டிகள் மெக்சிகோவில் நடக்கும். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், திரும்பி வருவதில் சிக்கல் வருமா என்று கிளம்பும் முன்பே வக்கீலிடம் கேளுங்கள். கோச்சிடம் முதல் வருடமே சொல்லிவைப்பது நல்லது.

கோச் "உனக்கு இடம் இருக்கு"ன்னு வாயால சொல்லிட்டார். நம்பலாமா?

நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அது இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. முன்பு நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒரு கையெழுத்து இருந்தது, 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரி எழுத்தில் தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் பேச்சு. பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் அது கைக்கு வரும்வரை மற்றக் கோச்சுகளோடு மரியாதையாகத் தொடர்பில் இருப்பது தப்பில்லை. எத்தனை வருடத்துக்கு அந்தப் பணம், காயம் பட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். டிவிஷன் 3-இல் அட்மிஷன் கடிதம் வந்தால்தான் எல்லாமே.

கோச் வேலை மாறிவிடுவதும் அடிக்கடி நடக்கும். புதுக் கோச் வந்தாலும், கோல்ஃபே இல்லாவிட்டாலும் அங்கே நான்கு வருடம் படிக்கப் பிள்ளைக்கு விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டீம்ல சேர்ந்தாச்சு. இனி எல்லாப் போட்டியும் ஆடலாம்தானே?

ஒன்பது பேரில் ஐந்து பேர்தான் ஒரு போட்டிக்குப் போவார்கள். பல டீம்களில் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் உள்ளுக்குள்ளேயே தகுதிச் சுற்று வைப்பார்கள். என் மகள் முதல் செமஸ்டரில் ஒரே ஒரு போட்டிதான் போனாள். மற்ற வாரங்களில் தோழிகளின் வேன் கிளம்புவதை ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாளாம். ஐந்தாவது ஆளின் சராசரியைப் பாருங்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். பெரிய பெயருள்ள டீமில் நான்கு வருடம் ரேஞ்சில் பந்து அடிப்பதைவிட, சின்னக் கல்லூரியில் பத்துப் போட்டி ஆடுவது பிள்ளைக்கு நல்லது என்று நான் நம்புகிறேன்.

பன்னிரண்டாவது ஜனவரி ஆயிடுச்சு. யாரும் எடுக்கலை. அவ்வளவுதானா?

இல்லை. டிவிஷன் 3, என்.ஏ.ஐ.ஏ. கோச்சுகள் சிலருக்கு வசந்தகாலத்திலும் இடம் காலியாக இருக்கும். டீமிலிருந்து யாராவது வேறு கல்லூரிக்கு மாறினால் திடீரென்று ஒரு இடம் வரும். இரண்டு வருடக் கல்லூரியில் ஆடி அப்புறம் மாறுவது நல்ல வழி, செலவும் குறைவு. தனக்குப் பிடித்த பெரிய கல்லூரியில் சேர்ந்து ஸ்காலர்ஷிப் இல்லாமல் டீமில் முயற்சி செய்வது முன்பு சுலபமாக இருந்தது. ஒன்பது பேர் என்ற வரம்பு வந்த இடங்களில் இப்போது அது கடினம். ஆனால் பெரிய கல்லூரிகள் பலவற்றில் கிளப் கோல்ஃப் இருக்கிறது. மாணவர்களே நடத்தும் டீம், வேறு கல்லூரிகளோடு போட்டியும் உண்டு.

சஹித் தீகலா மாதிரி ஆகலாமில்ல? இல்ல அக்ஷய் பாட்டியா மாதிரி காலேஜே போகாம நேரா புரோ ஆயிடலாமா?

தீகலா கலிஃபோர்னியாவில் தெலுங்குக் குடும்பத்தில் வளர்ந்தவர். பெப்பர்டைன் கல்லூரியில் ஆடி, 2020-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹாஸ்கின்ஸ் விருது வாங்கினார், 2023-இல் பி.ஜி.ஏ. டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் முதல் வெற்றி. பாட்டியா 2019-இல் 17 வயதிலேயே புரோ ஆனார். ஆரம்பத்தில் தொடர்ந்து தகுதி தவறி மிகவும் கஷ்டப்பட்டார். 2024-இல் இங்கே சான் அன்டோனியோவில் டெக்சஸ் ஓப்பன் வென்றார். ஜூனியர் வயதிலேயே நாட்டில் முதல் இடத்தில் இருந்தவருக்கே அந்தப் பாதை அப்படி இருந்தது. உங்கள் பிள்ளை அந்த அளவில் இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கமாட்டீர்கள், கோச்சுகள் உங்கள் வீட்டுக்கே வந்திருப்பார்கள்.

இவ்வளவு செலவு பண்ணிட்டோம். இப்போ பதினொண்ணாவதுல கோல்ஃபே வேண்டாங்கறான். என்ன செய்ய?

முதலில் செலவுக் கணக்கை அவன் முன்னால் எடுக்காதீர்கள். அவனுக்கு அது தெரியும், அதனால்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருப்பான். கிளப்பை கராஜில் வைத்துவிட்டு மூன்று வாரம் யாரும் கோல்ஃப் பேச்சே எடுக்காமல் இருங்கள். சில பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது போட்டி மட்டும். சிலருக்கு அப்பா கூடவே நடப்பது. என் மகள் பதினொன்றாம் வகுப்பு பிப்ரவரியில் இதையே சொன்னாள். கேட்டபோது, ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நாங்கள் ஸ்கோரை வாட்ஸாப்பில் சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் அனுப்புவதுதான் பிடிக்கவில்லை என்றாள். நிறுத்தினோம்.

மூன்று வாரம் கழித்தும் வேண்டாம் என்றால் அது அவன் முடிவு. அப்போது செய்யவேண்டியது ஒன்றுதான்: கோடைப் போட்டிகளுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறக் கடைசித் தேதி இருக்கும், அதற்குள் பெயரை எடுத்துவிடுங்கள். அவனோடு பேசிக்கொண்டிருந்த கோச்சுகளுக்கு நன்றி சொல்லி இரண்டு வரி மெயில் அவனே எழுதட்டும். அந்த இடத்துக்குக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது தெரியவேண்டும்.